பெண் வீட்டார் பெயருக்குப் பின்னால் ஒரு கட்டம்

சூலூரில் கோபாலசாமி எங்கே என்று கேட்டால் நாலைந்து பேரைக் காட்டுவார்கள். 'ஓடற எழுத்துக்காரர்' எங்கே என்று கேட்டால் ஒருவரைத்தான் காட்டுவார்கள். ஆள் ஓடமாட்டார், நடையே நிதானம்தான். அவர் செய்து மாட்டும் விளக்குப் பலகைகளில் சிவப்பு எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடும். கோயில் வாசலில் செருப்பை எங்கே விட வேண்டும், மருந்துக்கடைக்கு டாக்டர் எந்தக் கிழமை வருவார், பேக்கரியில் முட்டை பப்ஸ் சூடாக இருக்கிறதா இல்லையா என்பதையெல்லாம் சுற்றுவட்டாரத்துக்கு அறிவித்து வருபவர் அவரே. நின்றுகொண்டிருக்கும் எழுத்தை ஏறெடுத்தும் பார்க்காத கொங்குச் சீமை, ஓடும் எழுத்தைக் கண்டால் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் படிக்கிறது. இந்த உண்மையைக் கண்டுபிடித்தவர் என்ற முறையில் வரலாற்றில் அவருக்கு ஓர் இடம் உண்டு. வரலாறுதான் இன்னும் கவனிக்கவில்லை.

பிறந்தது விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவில். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தார். டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ், ஹையர் ஃபெயில். இந்தத் தோல்வியை அவர் யாரிடமும் மறைத்ததில்லை, யாரும் கேட்டதும் இல்லை. கொஞ்ச காலம் தறிக்குடோன்களில் கெட்டுப்போன எலெக்ட்ரானிக் போர்டுகளைச் சரிசெய்தார். பிறகு இந்தப் பலகைத் தொழில். வெளியூரிலிருந்து வந்த பலகைகளில் தமிழ் நொண்டியடித்தது: கொம்பு ஒரு பக்கம் போகும், கால் இன்னொரு பக்கம் போகும். கோபாலசாமிக்கு அது பொறுக்கவில்லை. கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாகத் தானே வரைந்தார். 'ஸ்ரீ'க்கு மட்டும் ஒரு மழைக்காலம் முழுக்கப் போயிற்று. பலகைக்கு உள்ளே இருக்கும் சில்லுக்கான புரோகிராமையும் அவரே எழுதினார். ஒரு கோப்பில் வரிவரியாகப் பெயர்களை அடித்துப் பென்டிரைவில் போட்டுச் செருகினால், பலகை ஒவ்வொரு வரியாக எடுத்து ஓட்டும்.

அவர் வரையாத எழுத்து ஏதாவது வந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி அப்போது எழுந்தது. அதை விட்டுவிட்டு அடுத்த எழுத்துக்குப் போய்விடலாம். கோபாலசாமி அப்படிப்பட்டவர் அல்ல. அந்த இடத்தில் முழுக்க எரியும் ஒரு சிவப்புக் கட்டத்தைப் போடச் சொல்லி எழுதினார். முன்பின் தெரியாதவர் வந்தாலும் உட்கார ஒரு நாற்காலி போடுவதில்லையா, அதுபோல என்று மனைவி ராசாத்தாளுக்கு விளக்கினார். அப்படி யார் வரப்போகிறார்கள் என்று அவள் கேட்டாள். பல வருஷம் யாரும் வரவில்லை. நாற்காலி காலியாகவே கிடந்தது.

இனி மைத்துனர் விவகாரம். ராசாத்தாளின் அண்ணன் சுப்பண்ணன், கோபாலசாமியோடு பேசுவதில்லை. காரணம் சொத்தோ வரப்போ அல்ல; அவையெல்லாம் கோர்ட்டில் தீர்ந்துபோகக்கூடிய சில்லறைச் சமாச்சாரங்கள். புது வீட்டுப் புண்ணியார்ச்சனைக்கு மச்சானை இவர் வாட்ஸப்பில் அழைத்துவிட்டார். புருஷனும் பெண்டாட்டியுமாக நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து நீட்டி, குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்று வாயால் சொல்லி, அங்கே ஒரு வாய் காப்பியாவது குடித்துவிட்டு வந்தால்தான் அது அழைப்பு. வேலை நெருக்கடியில், முதலில் படத்தை அனுப்புவோம், தட்டோடு பிறகு போவோம் என்று கோபாலசாமி நினைத்தார். மகள் மேக்னா செய்து அனுப்பிய அழைப்புப் படத்தை அப்படியே மச்சானுக்குத் தட்டிவிட்டார். அதன் தலைமாட்டில் 'ஃபார்வர்டட்' என்று சின்னதாக இருந்ததை அவர் கவனிக்கவில்லை. சுப்பண்ணன் கவனித்தார். யாருக்கோ வந்த அழைப்பைத் தன் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார். பிறகு தட்டோடு வீட்டுக்குப் போனபோது அவர் தோட்டத்தில் இருந்தார். தோட்டத்துக்குப் போனபோது வீட்டில் இருந்தார்.

அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் எப்போதும் மூன்றாவது ஆள் ஒருவர் தேவைப்பட்டார். கோபாலசாமி எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, அவர் காப்பி குடிக்கிறாரா என்று கேட்கும்படி சுப்பண்ணன் தங்கையிடம் சொல்வார். ராசாத்தாள் திரும்பி அதையே கேட்பாள். வேண்டாம் என்று சொல்லச் சொல்லி இவர் சொல்வார். அவள் மறுபடி திரும்பிச் சொல்வாள். இத்தனைக்கும் இரு பக்கமும் 'ங்க' குறைந்ததே இல்லை. மரியாதை கெட்டுப்போனால் சண்டை போட்டதற்கே அர்த்தமில்லை என்பது அந்தப் பக்கத்து நியாயம்.

இப்படியே காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் மேக்னாவுக்கு மதுக்கரையில் மாப்பிள்ளை அமைந்து, தை மாதம் கல்யாணம் என்று முடிவாயிற்று. பெண்ணுக்குத் தாய்மாமன் சுப்பண்ணன். தாய்மாமன் சீர் இல்லாமல் ஒரு பெண்ணை மேடை ஏற்றுவது என்பது, மேல்கூரை போடாமல் கிரகப்பிரவேசம் செய்வது மாதிரி. சுப்பண்ணனை அழைக்கத் தட்டு நீட்ட வேண்டும். பேசாத மனிதரிடம் தட்டை நீட்டினால் அவர் கை நீளாது. ராசாத்தாள் ஒரு நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

"எங்கண்ணன் மேடையில நிக்காம எம்புள்ள கழுத்துல தாலி ஏறாதுங்க. நீங்க கால்ல உழுவீங்களோ, கையப் புடிப்பீங்களோ, எனக்குத் தெரியாது. அவரு உங்ககிட்ட வாயத் தொறந்து பேசோணும்."

வாய்ப்பு ஆவணியில் வந்தது. சுப்பண்ணன் மகள் ரித்திகாவுக்குப் பெருந்துறையில் சம்பந்தம் அமைந்து, சூலூர் ரோட்டு மண்டபத்தில் கல்யாணம். வாசலில் ஒரு பலகை கட்டுவதானால் கட்டட்டும் என்று சுப்பண்ணன் தங்கை வழியாகச் சொல்லி அனுப்பினார். கோபாலசாமி தன் வாழ்நாளிலேயே நீளமான பலகையைச் செய்தார்.

பலகையில் இரு வீட்டுச் சொந்தங்களின் பெயர்களும் ஊரோடு ஓட வேண்டும். எந்தப் பெயர் முன்னால், எந்தப் பெயர் பின்னால் என்பதில் கொங்கு நாட்டில் குடும்பங்கள் பிரிந்திருக்கின்றன. ஆகவே அந்தப் பொறுப்பைக் கோபாலசாமி தன் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. அவரவர் பட்டியலை அவரவரே அடித்து அனுப்பட்டும் என்றார். வழக்கமாகப் பெயர்களைக் கடையில் அவரேதான் அடிப்பார். ஒரு வைரஸ் வந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் போன பிறகு அவருடைய கம்ப்யூட்டர் லினக்ஸுக்கு மாறியிருந்தது. இந்த முறை பெண் வீட்டுப் பட்டியலைச் சுப்பண்ணன் மகன் மனோஜ்குமார் மில் ஆபீஸ் விண்டோஸ் கம்ப்யூட்டரில் அடித்தான். மாப்பிள்ளை வீட்டுப் பட்டியலை மாப்பிள்ளையின் தங்கை பிரவீனா, பெங்களூரில் தான் வேலை பார்க்கும் கம்பெனி கொடுத்த ஆப்பிள் லேப்டாப்பில் அடித்தாள். கோபாலசாமி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தார். மரியாதைக்காக மாப்பிள்ளை வீட்டை முன்னால் வைத்தார். அதே மரியாதையோடு மாப்பிள்ளை வீட்டுப் பெயர்களைக் கடையில் ஓடவிட்டுப் பார்த்தார். முத்து முத்தாக ஓடின. பெண் வீடு நம் வீடுதானே என்று நிறுத்திக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முந்தைய மாலை வரவேற்பு. வாசலில் பலகை ஏறியது. பெருந்துறைச் சனம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே அவர்கள் பெயர்கள் ஓடின. நின்று பார்த்துத் திருப்தியோடு உள்ளே போனார்கள். பிறகு பெண் வீட்டுப் பெயர்கள் தொடங்கின. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும், ஊரும் 'வருக'வும் முடிந்த இடத்தில், முழுக்க எரியும் ஒரு சிவப்புக் கட்டம் வந்தது.

நாற்காலியில் கடைசியாக ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

பெண் வீட்டார் அதைப் பிழை என்று ஒரு கணமும் நினைக்கவில்லை. தங்கள் பெயருக்குப் பின்னால் இப்படியொன்று எரிய வேண்டியதுதான் என்றே எடுத்துக்கொண்டார்கள். சுப்பண்ணனின் பங்காளிகளில் மூத்தவர் ஒருவர், வில்லங்கச் சான்றிதழில் வரும் முத்திரை போல எடுப்பாக இருக்கிறது என்று பாராட்டினார். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டார்கள். தன் பெயர் ஓடும் நேரத்துக்குக் காத்திருந்து, கட்டம் தலைக்கு மேலே தெரியும்படி குடும்பத்தோடு நின்றவர்களும் உண்டு.

மாப்பிள்ளை சரவணனின் பெரியப்பா சென்னியப்பன் இதை வாசல் தூணில் சாய்ந்து ஒரு சுற்று முழுக்கப் பார்த்தார். இரண்டாம் சுற்றும் பார்த்தார். தன் பெயர் வந்தது, 'வருக' வந்தது, அதோடு வெறுமையாக முடிந்தது. பந்தியில் உட்காரப்போன தன் ஆட்களைக் கண்ணாலேயே எழுப்பினார். பெருந்துறைச் சனம் மொத்தமும் இலையைத் தொடாமல் வெளியே வந்து, வண்டி நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்துகொண்டது. என்ன குறை என்று விசாரிக்கப் போன சுப்பண்ணனிடம் அவர் மிகப் பணிவாக ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங்க சம்பந்தி, நாங்க கட்டமில்லாத சனமுங்களா?"

இதற்குப் பதில் தெரிந்தவர் மைக்செட் அறையில் இருந்தார். நடுவில் நின்று பேச வேண்டிய ராசாத்தாளோ மணப்பெண்ணுக்குத் துணையாக மேடையில் இருந்தாள். சுப்பண்ணன் அறைக்குள் வந்தார். அங்கே கோட்டைமேட்டு முஸ்தபா, மைக்செட்காரர், ஆம்ப்ளிஃபயரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோபாலசாமி கைக்கெட்டும் தூரத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். சுப்பண்ணன் முஸ்தபாவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"பாய், அந்தக் கட்டம் என்னத்துக்குன்னு அவர்கிட்டக் கேளுங்க."

முஸ்தபா இரு பக்கமும் பார்த்தார். பிறகு கோபாலசாமியிடம் அதையே கேட்டார், ஒரு வார்த்தை கூடக் குறைக்காமல்.

கோபாலசாமி அதற்குள் பிழையைக் கண்டுபிடித்திருந்தார். கோப்பை எழுத்தாக அல்லாமல் எண்ணாகத் திறந்து பார்த்தபோது விஷயம் வெளிச்சமாயிற்று. கண்ணுக்குத் தெரியும் எழுத்துக்கு மட்டுமல்ல, வரி முடிவதற்கும் கம்ப்யூட்டரில் எண் உண்டு. பிரவீனாவின் வரிகள் ஒவ்வொன்றும் பத்து என்ற எண்ணோடு முடிந்தன. மனோஜ்குமாரின் வரிகள் பதிமூன்று, பத்து என்று இரண்டு எண்களோடு முடிந்தன. இரண்டையும் சேர்த்து ஒரு முடிவு என்பது விண்டோஸின் வழக்கம். லினக்ஸுக்கும் இப்போதைய ஆப்பிளுக்கும் பத்து மட்டும் போதும். கோபாலசாமியின் பலகை பத்தைக் கண்டதும் வரி முடிந்தது என்று வெட்டிக்கொள்ளும். அதற்கு முந்தைய பதிமூன்றோ, பெயரின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்படியோர் எழுத்தை அவர் வரைந்ததில்லை. ஆகவே கட்டம்.

இதை மச்சானுக்குச் சொல்வது எப்படி என்று யோசித்தார். டைப்ரைட்டிங் கைகொடுத்தது. டைப் மெஷினில் ஒரு வரி முடிந்ததும் கைப்பிடியைத் தள்ளுவோம். அப்போது இரண்டு காரியம் நடக்கும். தாளைப் பிடித்திருக்கும் வண்டி மறுபடி ஓரத்துக்குப் போகும், தாள் ஒரு வரி மேலே ஏறும். வண்டி ஓரத்துக்குப் போவதுதான் பதிமூன்று. தாள் ஏறுவதுதான் பத்து. பெண் வீட்டுப் பட்டியலில் இரண்டும் இருக்கின்றன, மாப்பிள்ளை வீட்டில் பின்னது மட்டும் இருக்கிறது என்று முஸ்தபாவிடம் விவரமாகச் சொன்னார்.

முஸ்தபா சுருக்கிக் கொடுத்தார். "டைப் மெஷின்ல வண்டியத் தள்ளுவோமுங்கள்ல, அந்தத் தள்ளு மாப்பிள்ள ஊட்டுக்காரங்களுக்கு இல்லீங்களாம்."

அவர்களுக்கு மட்டும் அது எப்படி இல்லாமல் போயிற்று என்று சுப்பண்ணன் முஸ்தபாவிடம் கேட்டார். பெங்களூர்ப் பிள்ளையின் ஆப்பிள் கம்ப்யூட்டர் அதைப் போடுவதில்லை என்று கோபாலசாமி முஸ்தபாவிடம் சொன்னார். அவ்வளவு விலை கொடுத்து வாங்கியதில் இது கூடவா இல்லை என்று சுப்பண்ணன் முஸ்தபாவிடம் வியந்தார். முஸ்தபா துணியை மடித்து வைத்தார்.

தீர்வு சுலபம் என்றார் கோபாலசாமி. பத்துக்கு முன்னால் பதிமூன்று நின்றால் அதையும் சேர்த்தே வெட்டிவிடும்படி பலகைக்குச் சொல்லிவிடலாம். யார் எந்தக் கம்ப்யூட்டரில் அடித்தாலும் ஒன்றுபோல ஓடும். ஒரு கட்டமும் இராது. அதுதான் முறை.

இது தன் காதுக்கு வந்து சேர்ந்ததும் சுப்பண்ணனின் முகம் வெளுத்தது. பங்காளிகள் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியாயிற்று. இப்போது கட்டத்தைப் பிடுங்கினால் பெருந்துறைச் சனம் உள்ளே வரும். சொந்தச் சனம் வெளியே போகும். நாற்காலிகள் அதே இடத்தில் இருக்கும், உட்காரும் ஆட்கள்தான் மாறுவார்கள். சமையலறையிலிருந்து சாம்பார் ஆறுகிறது என்று இரண்டாம் முறையாக ஆள் வந்துவிட்டது. சுப்பண்ணன் நெற்றியைத் துடைத்தார். முஸ்தபாவைத் தாண்டிக் கோபாலசாமியை நேராகப் பார்த்தார்.

"அதெல்லாம் வேண்டாம் மாப்ளை. அவங்களுக்கும் போட்டுடுங்க."

சொன்னது சுப்பண்ணனின் காதிலும் விழுந்தது. முஸ்தபா தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஒயரை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்தார்.

கோபாலசாமியின் பலகைகளில் இதுவரை ஒரு புள்ளி தப்பாக எரிந்ததில்லை. எரிந்தால் அன்றே ஏணி போட்டு ஏறிவிடுவார். இப்போது பெருந்துறை முழுமைக்கும் ஒரு பிழையைக் குறைவில்லாமல் பங்கிட்டுக் கொடுக்கும்படி கேட்கிறார்கள். மாட்டேன் என்று சொன்னால், மச்சான் மறுபடி முஸ்தபா பக்கம் திரும்பிவிடுவார். 'மாப்ளை' வாய் தவறி வந்ததாகப் போய்விடும். மேக்னாவின் கல்யாண மேடை அந்த ஒரு சொல்லின் மேல் நின்றது.

"சரிங்க மச்சான்" என்றார்.

மாப்பிள்ளை வீட்டுக் கோப்பை மட்டும் தனியே எடுத்து, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு பதிமூன்றைச் செருகினார். சேர்த்து வைத்த கோப்பில் அதைச் செய்திருந்தால் பெண் வீட்டாருக்கு இரண்டு கட்டம் விழுந்து பஞ்சாயத்து முதலிலிருந்து தொடங்கியிருக்கும். அந்த அளவுக்கு நிதானம் அவரிடம் மிச்சமிருந்தது. பென்டிரைவைச் செருகிவிட்டு மச்சானோடு வாசலுக்கு வந்தார்.

சென்னியப்பனின் பெயர் ஓடியது. ஊர் ஓடியது. 'வருக' ஓடியது. பின்னாலேயே கட்டம் வந்தது. சென்னியப்பன் எழுந்து நின்று பார்த்தார். இன்னொரு தடவை ஓடட்டும் என்றார். ஓடியது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்திக்கு நடந்தார். பின்னாலேயே பெருந்துறை நடந்தது. ரசம் கொஞ்சம் ஆறிவிட்டது என்பதைத் தவிர அவர்களிடமிருந்து வேறு புகார் இல்லை. மறுநாள் காலையில் தாலி கட்டும்போது வாசலில் எல்லோருடைய பெயரும் ஒரே மாதிரி தப்பாக எரிந்துகொண்டிருந்தது. அப்படியொரு சமாதானத்தை அந்த மண்டபம் கண்டதில்லை.

அதற்குப் பிறகு கோபாலசாமி உட்கார்ந்து புரோகிராமை முறையாகத் திருத்தினார். பத்தோடு முடிந்தாலும், பதிமூன்றும் பத்துமாக முடிந்தாலும், மிகப் பழைய ஆப்பிள் கம்ப்யூட்டர்களைப் போல வெறும் பதிமூன்றோடு முடிந்தாலும் பலகை குழம்பாது. அந்தக் கடைசி வகையை இனி யாரும் அனுப்பப் போவதில்லை என்றாலும் அதையும் சேர்த்தார். அடுத்து வந்த மண்டபக்காரர் கட்டம் எங்கே என்று கேட்டார். அதற்கடுத்தவர், சூலூர்க் கல்யாணத்தில் போட்டது போல வேண்டும் என்று போட்டோவைக் காட்டினார். காதுகுத்துக்கும் கேட்டார்கள். பழைய புரோகிராமையே மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று.

கார்த்திகையில் கோபாலசாமியும் ராசாத்தாளும் சுப்பண்ணன் வீட்டுக்குப் போனார்கள். தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மேக்னாவின் கல்யாண அழைப்பிதழ். போனில் யாருக்கும் எதுவும் அனுப்பியிருக்கவில்லை. சுப்பண்ணன் வீட்டில்தான் இருந்தார். வாங்க மாப்ளை என்று நேராகவே சொன்னார். காப்பி வந்தது, குடித்தார்கள். கோபாலசாமி எழுந்து, மனைவியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டை நீட்டினார்.

சுப்பண்ணனின் கை வரவில்லை. தட்டைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார்.

"பலகை உண்டுங்களா மாப்ளை?"

"உண்டுங்க மச்சான்."

"கட்டம்?"

"எல்லாப் பேருக்கும் உண்டுங்க."

சுப்பண்ணன் தலையாட்டினார். கை இன்னும் மடியிலேயே இருந்தது.

"தாய்மாமனுக்கும் மத்தவங்களுக்கும் ஒரே கட்டந்தானுங்களா?" என்று மின்விசிறியிடம் கேட்டார்.

ராசாத்தாளின் கட்டைவிரல் புருஷனின் கால்மேல் மெல்ல ஏறி அழுந்தியது. தட்டில் தேங்காய் கனத்தது. ஒரே ஒரு வரிக்கு மட்டும் பதிமூன்றை இரண்டு தடவை போட வேண்டும். எந்த டைப்ரைட்டிங் மாணவனும் செய்யாத காரியம் அது. ஏற்கெனவே ஓரத்தில் நிற்கும் வண்டியை மறுபடி ஓரத்துக்குத் தள்ளுவது.

"ரெண்டாப் போட்டுறலாங்க மச்சான்" என்றார் கோபாலசாமி.

தட்டு கை மாறியது.